புயலுக்கு முன்னால் ஊரைத் தயார் செய்ய: அரிசி மூட்டைக்கு முன் ஒரு நோட்டு

கேள்வி இதுதான்: "வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊர், கடலிலிருந்து அரை கிலோமீட்டர்கூட இல்லை. வெளிநாட்டில் வேலை செய்யும் ஊர்ப் பையன்கள் சேர்ந்து 3 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். மழைக்காலத்துக்கு முன்பே அரிசி, போர்வை, தார்ப்பாய் எல்லாம் வாங்கி அடுக்கி வைத்தால் புயல் நேரத்தில் ஏழை வீடுகளுக்கு உதவுமா? வேறு என்ன செய்யலாம்?"

உதவும். ஆனால் அதைக் கடைசியில் செய்யுங்கள். முதலில் கடைக்குப் போய் 200 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

2004 சுனாமிக்கு அப்புறம் நிவாரண வேலைக்காக நாகை, கடலூர் கடற்கரைக்கு வந்தவன் நான், அதன் பிறகு இந்த வேலையை விடவே இல்லை. தானே, கஜா, நிவர், புரெவி என்று ஒவ்வொரு புயலுக்கும் ஊர் ஊராக ஓடியதில் நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். புயல் வருகிறது என்கிற சேதி இப்போது எல்லார் காதுக்கும் போய்விடுகிறது, டிவி சொல்கிறது, வாட்ஸ்அப் சொல்கிறது, தலையாரி வந்து சொல்கிறார், ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்கிறார்கள். ஆனாலும் கடைசி வரை வீட்டை விட்டுக் கிளம்பாத குடும்பம் ஒவ்வொரு ஊரிலும் பத்து இருபது இருக்கும். அவர்கள் கிளம்பாததற்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைப் புயலன்று ராத்திரி போய்த் தீர்க்க முடியாது, புரட்டாசியிலேயே தீர்த்து வைக்க முடியும். உங்கள் பணமும் உழைப்பும் அதற்குத்தான் முதலில் போக வேண்டும்.

1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலில் 500 பேருக்கும் மேல் இறந்தார்கள். 2018 நவம்பர் 15 நள்ளிரவு தாண்டி நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியபோது, அதற்கு முன்பே 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டு போயிருந்தார்கள். அப்படி இருந்தும் 50 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள், சுவர் இடிந்தும் மரம் விழுந்தும் இறந்தவர்கள் அதில் நிறைய. எண்ணிக்கை குறைந்ததற்கு முன்கூட்டியே ஆட்களை அப்புறப்படுத்தியது பெரிய காரணம், அதில் சந்தேகமே இல்லை. மிச்சம் இருக்கிற வேலை, அந்த 80,000-க்குள் வராமல் போனவர்களையும் கொண்டு சேர்ப்பதுதான்.

சரி, நோட்டு எதற்கு? ஊரைத் தெருத் தெருவாக நடந்து, தானாக எழுந்து போக முடியாதவர் அல்லது போகத் தயங்குகிறவர் இருக்கும் வீட்டுக்கெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். படுக்கையில் கிடக்கிற பாட்டி, கண் தெரியாதவர், தனியாக இருக்கும் தாத்தா, மனநிலை சரியில்லாத பிள்ளை, நிறைமாசக் கர்ப்பிணி, டயாலிசிஸ் போகிறவர், இன்சுலின் போடுகிறவர், புருஷன் கடலுக்கோ வெளியூருக்கோ போய்விட்ட வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் பெண். கர்ப்பிணிகள் பட்டியல் கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கும், மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகை பட்டியல் வி.ஏ.ஓ.விடம் கேட்டால் கிடைக்கும். ஆனால் பட்டியலில் இல்லாதவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் நடந்து போய்ப் பார்ப்பதற்கு மாற்று கிடையாது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று விஷயம் எழுதினால் போதும்: இந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டப் போவது யார், எப்படிக் கூட்டிக்கொண்டு போவது, அவர்கள் எதை விட்டுவிட்டு வரப் பயப்படுகிறார்கள். கதவைத் தட்டுகிறவர் பக்கத்து வீட்டுக்காரராகவோ சொந்தக்காரராகவோ இருப்பது நல்லது. தெரியாத ஆள் வந்து நின்றால் "நீ போப்பா, நான் பார்த்துக்கிறேன்" என்று பாட்டி திருப்பி அனுப்பிவிடுவார்.

மூன்றாவது விஷயம்தான் உயிர் போகிற விஷயம், அதனால் அதில் கொஞ்சம் நிற்கிறேன்.

ஆடு. நான்கு ஆடு வைத்திருக்கும் அம்மாவுக்கு அது பேங்க் கணக்கு மாதிரி. முகாமுக்கு ஆட்டைக் கூட்டிவராதே என்று சொன்னால் அவர் வரவே மாட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மேடான இடத்தில் தற்காலிகமாக ஒரு பட்டி போட்டுத் தருகிறோம் என்று முன்பே சொல்லிவிட்டால் ஆட்டை முன்னால் ஓட்டிக்கொண்டு தானாகவே வருவார். மாடாக இருந்தால் கட்டை அவிழ்த்து விடச் சொல்ல வேண்டும், தண்ணீர் ஏறும்போது கட்டுத்தறியில் கிடந்தே சாகிற மாடுகளைப் பார்த்திருக்கிறேன்.

படகும் வலையும். ஃபைபர் படகு, என்ஜின், வலை எல்லாம் சேர்த்தால் பல லட்சம், பாதி கடனில் வாங்கியதாக இருக்கும். கரையில் வரிசையாக நெருக்கிக் கட்டி வைத்தால் காற்றில் ஒன்றோடொன்று மோதியே உடைந்துபோகும். முதல் நாளே இடைவெளி விட்டு மேட்டில் ஏற்றி, என்ஜினைக் கழற்றி, வலையைப் பத்திரமான கட்டடத்தில் வைப்பதற்கு ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு ஏற்பாடு பேசி முடித்துவிட்டால், புயலன்று ராத்திரி படகைப் பார்த்து வருகிறேன் என்று கடற்கரைக்கு ஓடுகிற ஆண்களின் எண்ணிக்கை குறையும்.

காகிதம். ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக், பட்டா, படகுப் பதிவு, மீனவர் நல வாரிய அட்டை. இவை நனைந்தால் அப்புறம் நிவாரணத்துக்கு அலைய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். கூரை வீட்டுக்காரர்களுக்கு ஜிப் வைத்த கனமான பிளாஸ்டிக் கவர் ஒன்று கொடுங்கள், எல்லாவற்றையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து போனிலும் படம் எடுத்துவிடுங்கள். வீடு, படகு, தென்னை இவற்றையும் புயலுக்கு முன் எப்படி இருந்தன என்று படம் எடுத்து வைத்தால் கணக்கெடுப்பு நேரத்தில் பேச ஆதாரம் இருக்கும். புறம்போக்கில் குடியிருப்பவர்களுக்கும், அடுத்தவர் தோப்பில் கூலிக்கு வேலை செய்கிறவர்களுக்கும் இது இன்னும் முக்கியம். கஜாவில் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தபோது இழப்பீடு மரத்தின் சொந்தக்காரருக்குப் போனது, அந்தத் தோப்பில் காய் பறித்தும் கீற்று முடைந்தும் பிழைத்தவர்கள் பல மாதம் வேலையில்லாமல் திருப்பூர் பக்கம் போனதை நானே பார்த்தேன். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. உங்கள் நோட்டிலாவது இருக்கட்டும்.

அப்புறம் வயசுக்கு வந்த பெண் பிள்ளைகள் உள்ள வீடு. கக்கூஸ் இல்லாத, லைட் இல்லாத ஒரு ஹாலில் முன்னூறு பேரோடு மகளைப் படுக்க வைக்க எந்தத் தாய்க்கும் மனசு வராது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், "வீட்டைப் பார்த்துக்க ஆள் வேணும்ல" என்று வேறு காரணம் சொல்வார்கள். 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் ஆண்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கரையில் மீனுக்காகக் காத்திருந்தது, கையில் குழந்தை, காலைத் தடுக்கிய சேலை, நீச்சல் பழகாதது என்று பல காரணம் சேர்ந்து அப்படி ஆனது. கடலில் நடப்பதைப் பற்றி ஆண்களுக்குத்தான் தெரியும் என்று எல்லாப் பயிற்சியையும் அவர்களுக்கே கொடுத்துக்கொண்டிருந்தால் இது மாறாது. முகாம் பொறுப்பில் பாதிப் பேர் மகளிர் குழுப் பெண்களாக இருக்கட்டும், தனி அறை, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, சோலார் விளக்கு, நாப்கின் இவற்றுக்கு உங்கள் பணத்தில் முதல் பங்கு ஒதுக்குங்கள்.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சாதியையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்ட முகாம்களில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டது அப்போதே அறிக்கைகளில் பதிவானது. இருளர் பழங்குடியினர் பல இடங்களில் சுனாமியால் பாதிக்கப்பட்டவர்கள் என்கிற கணக்குக்குள்ளேயே வரவில்லை, ஏனென்றால் அவர்களுக்குப் படகு கிடையாது, உப்பங்கழியில் கையால் இறால் பிடிக்கிறவர்கள். ஒருமுறை அவமானப்பட்டுத் திரும்பியவர்கள் அடுத்த முறை அதே பள்ளிக்கூடத்துக்கு வர மாட்டார்கள், குடிசையிலேயே இருந்துவிடுவார்கள். அதனால் உங்கள் முதல் கூட்டத்தை ஊர்க் கோவில் வாசலில் போடாதீர்கள். எல்லாத் தெருக்காரர்களும் தயக்கமில்லாமல் வந்து உட்காரக்கூடிய இடத்தில் போடுங்கள், அங்கன்வாடியோ பள்ளிக்கூடமோ. சாப்பாட்டு வரிசையும் தண்ணீர் வரிசையும் எந்த முறையில் நடக்கும் என்பதை அங்கேயே எல்லார் முன்னிலையிலும் பேசி முடிவு செய்யுங்கள்.

முகாமைப் பற்றி இன்னொன்று: சாவி. ஒரு ஊரில் ராத்திரி பத்து மணிக்கு மழையில் நூறு பேர் பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள், சாவி வைத்திருந்தவர் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி டவுனில் இருந்தார், போன் எடுக்கவில்லை. கடைசியில் பூட்டை உடைத்தோம். அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது முகாம் சாவி யாரிடம் இருக்கிறது, இரண்டாவது சாவி யாரிடம் என்பதுதான். உங்கள் பக்கம் பல்நோக்குப் பாதுகாப்பு மையம், அதாவது புயல் நேரத்தில் ஒதுங்குவதற்கென்று கட்டிய கட்டடம், இருந்தால் நல்லது, அதையும் இப்போதே திறந்து பார்த்துவிடுங்கள். மோட்டார் ஓடுகிறதா, கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, சாய்வுப் பாதை இருக்கிறதா. சில இடங்களில் உள்ளே நெல் மூட்டை அடுக்கி வைத்திருப்பார்கள்.

வரைபடம் ஒன்றும் போடுங்கள். கம்ப்யூட்டர் வேண்டாம், கோலமாவு போதும். அங்கன்வாடி முற்றத்தில் பெண்களையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து ஊரைத் தரையில் வரையச் சொன்னால், எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வாய்க்கால் அடைத்துக் கிடக்கிறது, எந்தப் பாலம் முங்கும், எந்த மரம் யார் கூரைமேல் விழும் என்று அரை மணி நேரத்தில் எல்லாம் வந்துவிடும். எந்த அதிகாரிக்கும் தெரியாத விவரம் அதில் இருக்கும். அதைப் பார்த்து ஒரு சார்ட்டில் வரைந்து ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள்.

அடுத்தது எச்சரிக்கை. புதுச்சேரி பக்கம் நல்லவாடு என்று ஒரு மீனவர் ஊர். 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்ப் பையன் டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருந்த கிராம அறிவு மையத்தின் மைக்கில் உடனே அறிவித்தார்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் தப்பினார்கள். போனைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு அந்த மைக்தான் முக்கியமாகப் படுகிறது. அது ஆபத்துக்கென்று வாங்கிப் பூட்டி வைத்த மைக் கிடையாது. கடலில் அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்று அந்த மையம் ஊருக்கு நாள்தோறும் சொல்லிவந்தது, அதனால் அன்றைக்கு மைக் வேலை செய்தது, அதில் வந்த குரலை ஜனங்கள் நம்பினார்கள். உங்கள் ஊரிலும் கோவில் மைக்கிலோ மீன் ஏலம் விடும் இடத்திலோ தினமும் இரண்டு நிமிடம் வானிலை சொல்ல ஒரு ஏற்பாடு செய்யுங்கள். கரண்ட் போனால் பேசுவதற்கு பேட்டரியில் ஓடும் கைமைக் நான்கு வாங்கலாம்.

அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்றால், "ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வடமேற்குத் திசையில் நகர்ந்து" என்று வாசிக்காதீர்கள். "நாளை சாயங்காலம் ஆறு மணிக்குள் மேலத்தெருவும் குப்பமும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும், வேன் நாலு மணிக்கு மாரியம்மன் கோவிலில் நிற்கும்" என்று சொல்லுங்கள். மூன்றாம் நம்பர் கூண்டு, ஏழாம் நம்பர் கூண்டு என்று துறைமுகத்தில் ஏற்றுவது மீனவர்களுக்குப் புரியும், விவசாயக் கூலி வேலை செய்யும் தெருவில் அது வெறும் நம்பர்.

போன தடவை சொன்னீங்க, ஒண்ணும் வரலையே என்று கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. 2020 நவம்பரில் நிவர் வந்தபோது நாகைக் கடற்கரையும் தயாராகக் காத்திருந்தது, அது மரக்காணம் பக்கம் போய்விட்டது. ஆனால் அடுத்த வாரமே புரெவி மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து நின்றபடி கடலூரிலும் டெல்டாவிலும் மழையைக் கொட்டி வயல்களை மூழ்கடித்தது. "புயல் வலுவிழந்தது" என்று டிவியில் வந்தவுடன் முகாமிலிருந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்களைத் தடுக்க இந்தக் கதையைச் சொல்லுங்கள். காற்று குறைந்தால் மழை குறையும் என்று இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் புயலே இல்லாமல் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. 2024-ல் ஃபெங்கல் கரையைக் கடந்தபின் கடலே இல்லாத ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஒரே இடத்தில் ஏழு பேர் புதைந்துபோனார்கள்.

புயலின் கண்ணைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஊர்மேல் அது கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும், சில நேரம் வானத்தில் நட்சத்திரம்கூடத் தெரியும். முடிந்துவிட்டது என்று கூரையைப் பார்க்க வெளியே வருவார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும், ஏற்கனவே ஆட்டங்கண்ட சுவரும் மரமும் அப்போதுதான் விழும். சுனாமிக்கு இந்த அவகாசமெல்லாம் கிடையாது, நிலம் ஆடினாலோ கடல் உள்வாங்கினாலோ யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல் மேட்டுக்கு நடக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் தனித்தனியாகப் பழக்குங்கள்.

கடலில் இருக்கிறவர்கள் விஷயம் தனி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் படகுகள் பல நாளுக்கு முன்பே போய்விட்டிருந்தன, கரையில் கொடுத்த எச்சரிக்கை அவர்களுக்குக் கேட்கவே இல்லை. உங்கள் ஊரில் தங்குகடல் (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போகிறவர்கள் இருந்தால், யார் எந்தப் படகில் எந்தத் தேதியில் போனார்கள், எப்போது திரும்புவார்கள் என்று கரையில் ஒரு ஆள் எழுதி வைக்கட்டும். கடலோரக் காவல் படையின் எண் 1554, இதை எல்லாப் படகிலும் பெயிண்டால் எழுதுங்கள். கரையில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070.

இதெல்லாம் சாதாரண ஜனங்களால் முடியுமா என்று தோன்றினால் வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்த நாடு அது. அதற்குப் பிறகு ஊர்க்காரர்களையே தொண்டர்களாகச் சேர்த்து, கொடியும் கைமைக்கும் சைக்கிளும் கொடுத்து வீடு வீடாக எச்சரிக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1991-ல் மறுபடி 1,38,000 பேர் இறந்தார்கள், புகலிடங்களைப் பெருக்கினார்கள், பெண் தொண்டர்களைச் சேர்த்தார்கள். இப்போது 76,000 தொண்டர்கள், பாதிப் பேர் பெண்கள். 2020-ல் அம்பன் வந்தபோது அங்கே இறந்தவர்கள் 30-ஐத் தாண்டவில்லை. நம்மைவிடப் பணக்கார நாடு கிடையாது.

இப்போது உங்கள் 3 லட்சம். அரிசி வாங்கி அடுக்கினால் வண்டு விழும், புயல் முடிந்த மூன்றாம் நாள் வெளியூர் லாரிகளில் அரிசியும் பழைய துணியும் தேவைக்கு மேல் வந்து குவியும், ஒவ்வொரு தடவையும் இதைத்தான் பார்க்கிறேன். வராதது தண்ணீர். கஜாவுக்குப் பிறகு மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, போர் மோட்டார் ஓடாமல் மேல்நிலைத் தொட்டி காலி. உங்கள் ஊர் மோட்டாரின் குதிரைத் திறன் எவ்வளவு என்று பார்த்து, அதற்கு ஏற்ற ஜெனரேட்டர் வைத்திருப்பவரிடம் இப்போதே பேசி முன்பணம் கொடுத்து வையுங்கள். புயலுக்கு முதல் நாள் தொட்டியை நிரப்பி, பிளீச்சிங் பவுடர் வாங்கி வைக்க வேண்டும். அப்புறம் மரம் அறுக்கும் மெஷின் இரண்டு, அதை ஓட்டப் பழகிய பையன்கள் நான்கு பேர். வெளியே இருந்து ஆள் வர ரோடு திறக்க வேண்டும், அதை உள்ளிருந்து திறக்கிற ஊருக்கு ஆம்புலன்ஸ் ஒரு நாள் முன்னால் வரும். கூரை வீடுகளுக்குக் கனமான தார்ப்பாயும் கயிறும் வாங்குங்கள், அது நல்ல யோசனைதான், மெலிசாக மட்டும் வாங்காதீர்கள். ஸ்ட்ரெச்சர் ஒன்று, சக்கர நாற்காலி ஒன்று. கொஞ்சம் ரொக்கம் மகளிர் குழுவிடம் இருக்கட்டும், ஒரு நாள் கூலி போய்விடும் என்று முகாமுக்கு வரத் தயங்குகிறவருக்கு அது கைகொடுக்கும்.

பிரசவ நாள் நெருங்கியவர்களையும் டயாலிசிஸ் போகிறவர்களையும் புயலுக்கு இரண்டு நாள் முன்பே ஆஸ்பத்திரி இருக்கும் டவுனுக்கு அனுப்பிவிடுங்கள். இன்சுலினை, பிரிட்ஜ் ஓடாத நாட்களில், ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் தண்ணீர் படாமல் கவரில் போட்டு வைக்கலாம். வெள்ளம் வடியும்போது பாம்புக்கடி வரும், கீறுவது, கட்டு இறுக்குவது எல்லாம் வேண்டாம், 108-க்குச் சொல்லிவிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரி.

ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள், சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில். ஒரு ஊரில் பாட்டி ஒருவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு 700 மீட்டர் போக எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆனது, நடுவில் ஒரு மதகு, கட்டில் திரும்பவில்லை. காற்றில்லாத, மழையில்லாத நாளில் நாற்பது நிமிடம். அடுத்த வாரமே அந்தப் பாட்டியின் பக்கத்தில் "முதல் நாள் மதியமே, வேனில்" என்று திருத்தி எழுதினோம்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள், கூட்டம் போட அதுதான் நல்ல சமயம். இந்த வருஷம் அது கடந்துவிட்டால் ஆவணிக்குள் போடுங்கள். உங்களில் யாராவது ஒருவர் பத்து நாள் லீவு எடுத்துக்கொண்டு வந்து நோட்டோடு தெருத் தெருவாக நடந்தால் ரொம்ப நல்லது. நோட்டை மூன்று ஜெராக்ஸ் எடுத்து ஒன்று வி.ஏ.ஓ.விடம், ஒன்று பஞ்சாயத்துத் தலைவரிடம், ஒன்று மகளிர் குழுத் தலைவியிடம் கொடுங்கள். ஒவ்வொரு ஆவணியிலும் உட்கார்ந்து இறந்தவர்களை அடித்து, புதிதாகப் பிறந்த குழந்தைகளைச் சேர்த்து எழுத வேண்டும்.